வட்டமாகக் கடிக்கும் எலி

1974 மே 27, திங்கள்

வீட்டுக்கார மாமா இன்று ஒரு டயரி கொடுத்தார். போன வருசத்து டயரி, ஒரு எழுத்துகூட எழுதாதது. "பால் கணக்கு எழுதிக்கோ நாச்சியார்" என்றார். பாலே வாங்காத வீட்டில் என்ன பால் கணக்கு? "மாட்டையும் சேர்த்துத் தந்தா எழுதலாமே மாமா" என்றேன். சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். இதில் அச்சடித்த கிழமை எல்லாம் போன வருசத்தது. இன்றைக்கு ஞாயிறு என்று சொல்லுது. ஞாயிறானாலும் மாமி போடும் பாத்திரம் குறையப் போவதில்லை. அடித்துவிட்டுத் திங்கள் என்று எழுதியிருக்கேன்.

மூணாங் கிளாசோடு நின்ற கை. எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கு. ஆனாலும் எழுத வேண்டியிருக்கு, பேச ஆளில்லை.

அவுக இருக்காக. ஆனால் டாக்டர் சொல்லிவிட்டார், வேல்சாமியைச் சிரிக்க வைக்காதே என்று. சிரிச்சா இருமல், இருமினா இழுப்பு. சாலைக் கடைத்தெரு ஓட்டலில் தோசைக்கல் முன்னால் நின்று குடித்த புகை எல்லாம் நெஞ்சுக்குள் படிந்து கிடக்காம். "அவுகளுக்கு மருந்து இருக்கட்டும் டாக்டரே, நான் பேசாம இருக்க ஏதாவது மருந்து இருந்தா எழுதுங்க" என்றேன். டாக்டர் சிரித்தார். அவுகளும் சிரிச்சுட்டாக. அப்புறம் ஆஸ்பத்திரி பெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு இழுத்த இழுப்பு இருக்கே. என் வாயை நானே அறைஞ்சுக்கிட்டேன்.

அதனால் இனி வேடிக்கை எல்லாம் இதுக்குள்ளே.

மே 29, புதன்

தொட்டி வழியுது.

மாமா வீடு வலியசாலையில், கோயிலுக்குப் போகிற தெருவில். ஓட்டு வீடு. அடுக்களைக்கு மேல் மட்டும் கான்கிரீட் போட்டு அதன்மேல் சிமெண்டுத் தொட்டி கட்டியிருக்கிறார்கள். குழாய்த் தண்ணி நேராக அதில் ஏறும். அடுக்களையின் பின் சுவரில் சாய்த்துப் போட்டதுதான் எங்கள் சாய்ப்பு. நான் பாத்திரம் தேய்த்து முற்றம் பெருக்குவதால் குடியிருக்க விட்டிருக்கிறார்கள். எனக்கு முற்றத்துக் குழாய். தொட்டியை நான் தொடக்கூடாது, ஏணிமேல் கைகூட வைக்கக்கூடாது. மாமி சுப்புலக்ஷ்மி அத்தனை மடி. சாமிக்கு வைக்கிற சோறு அந்தத் தண்ணியில்தான் வேகுது.

தொட்டி நிறைந்தால் தண்ணி தானாக நிற்கணும். நிற்கவில்லை. விளிம்பில் வழிந்து சுவரோடு இறங்குது. செங்கல்லும் மண்ணும் வைத்துக் கட்டின பழைய சுவர், அந்தப் பக்கம் குடிச்சு இந்தப் பக்கம் துப்புது. துப்புகிற இடத்தில்தான் அவுக பாய். பாயை எங்கே இழுத்துப் போட? இந்தப் பக்கம் இழுத்தால் அடுப்பு.

காலையிலேயே அவுக நெஞ்சில் பூனை கத்துது.

மே 31, வெள்ளி

குழாய் வேலைக்கு ராஜையன் வந்தான். பாறசாலைக்காரன், எல்லாரையும் எக்கா என்பான். மேலே ஏறி உருண்டையைக் கழற்றிக் காதுப் பக்கம் வைத்துக் குலுக்கினான்.

"என்ன ராஜையா, தேங்காய் முத்தலா எளசா?" என்று கீழே இருந்து கேட்டேன்.

"எக்கா, இது ஓட்டையானா உள்ள வெள்ளம் குலுங்கும். குலுங்கல்ல. உருண்டை நல்ல சாதனம்."

அப்புறம் எனக்கு விளக்கினான். தண்ணி ஏற ஏற செம்பு உருண்டை மிதந்து மேலே வரும். அது பிடித்திருக்கிற கம்பியும் ஏறும். கம்பி ஏறினால் உள்ளே ஒரு சின்ன வட்ட வாசர் போய்க் குழாய் வாயை அடைக்கும். அவ்வளவுதான் காரியம். பழைய வாசர் கூழாகிக் கிடந்ததாம். "இது என்ன எளவுண்ணே தெரியல்ல" என்று வழித்து எறிந்தான். பையிலிருந்து புதுசு எடுத்துக் காட்டினான். "ஒண்ணாந்தரம் தோல் எக்கா. பத்துக் கொல்லம் நிக்கும்." பத்து வருசமாம்.

மாமாவுக்கு முகம் சுருங்கிப் போச்சு. "மெதுவாப் பேசேண்டா" என்றார். மாமி உள்ளே ஜபத்தில் இருந்தாளே, அதுக்குத்தான் போல.

ராஜையன் போனதும் மாமா ஈரவேட்டியோடு ஏணியில் ஏறினார். வெளியாள் கை பட்டால் தொட்டியைத் திறந்துவிட்டுக் கழுவணும், அது இந்த வீட்டு வழக்கம். மாமி கீழே நின்று "மூலையெல்லாம் தேயுங்கோ" என்று சத்தம் போட்டாள். பாவம் மாமா, செகரட்டேரியட்டில் பேனா பிடித்த கை.

தொட்டி வழிவது நின்றுவிட்டது. சுவர் இனி காயும்.

ஜூன் 2, ஞாயிறு

இன்று அவுக உட்கார்ந்து சாப்பிட்டாக. ரெண்டாம் தரம் ரசம் கேட்டாக. எழுதி வைக்கிறேன், சந்தோசமான சேதி, வேறு யாரிடம் சொல்ல.

மாமி பாளை விசிறியைத் தூக்கிக் காட்டினாள். கமுகம் பாளையில் வெட்டின விசிறி. ஒரு மூலையில் ஓட்டை. "பாருடி, எலி கடிச்சுடுத்து. இந்த ஆத்துல எலி ஜாஸ்தி."

நான் பார்த்தேன். "மாமி, உங்காத்து எலி பள்ளிக்கூடம் போயிருக்கு. எப்படி வட்டமா கடிச்சிருக்கு பாருங்க."

"போடி, நோக்கு எல்லாமே விளையாட்டு."

இதை அவுககிட்டே சொல்ல நாக்கு துடிச்சுது. சொல்லலை. வாயைக் கட்டிக்கிட்டு இருக்கேன்.

ஜூன் 5, புதன்

மறுபடியும் வழியுது. மழையும் பிடித்துக்கொண்டது. மேலே வானம், பக்கத்தில் தொட்டி, நடுவில் நாங்க.

மாமாவிடம் போய்ச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொல்லுதார்: "நீ முத்தத்துக் குழாயை இறுக்கி அடைச்சுடறே. போற தண்ணிக்கு வேற வழியில்லை. எல்லாம் மேல அடிக்கறது." மாமியும் கேட்டுக்கொண்டு நின்றாள்.

நானா? என்னாலயா?

ஜூன் 6, வியாழன்

சரி, பார்த்துவிடுவோம் என்று விடியற்காலம் முற்றத்துக் குழாயைத் திறந்தே விட்டேன். வாளி வாளியாக நிறைந்து செடிக்கெல்லாம் போச்சு. தொட்டி அதுபாட்டுக்கு வழிஞ்சுது. மதியம் குழாயை இறுக்கி அடைத்தேன். அப்பவும் அதே வழிசல். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

மாமா சொன்னது தப்பு. படிச்ச மனுசர், எனக்கே தெரிகிற தப்பு அவருக்கு எப்படித் தெரியாமப் போச்சு?

ஜூன் 8, சனி

என் நாக்கை அறுக்கணும்.

சாலைக் கடைத்தெருவில் ராஜையனைப் பார்த்தேன். கடை வாசலில் நாலு பேரோடு டீ குடித்துக்கொண்டு நின்றான். ஆத்திரம். "ஏய் ராஜையா, பத்துக் கொல்லம் நிக்கும்னியே, நாலு நாளு நிக்கலையே. மாட்டுத் தோலா வச்சே, வெங்காயத் தோலா வச்சே?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டான்.

"எக்கா, எனக்க வேலையை யாரும் இதுவரை கொறை சொன்னதில்ல. இனி அந்த வீட்டு நடையைச் சவிட்டமாட்டேன், கேட்டியளா?"

போய்விட்டான். நல்ல பையனாச்சே. நான் வேடிக்கை பண்ணினா ஒருத்தருக்கு மூச்சு முட்டுது, ஒருத்தருக்கு மானம் போகுது. இந்த வாயை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய.

ஜூன் 10, திங்கள்

சுவரிலிருந்து காரை பெயர்ந்து பாய்மேலே விழுந்தது. அவுக தலைமாட்டில். ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தா.

கம்பவுண்டர் வந்து ஊசி போட்டான். சளிக்குத் தினமும் போடணுமாம். காலிக் குப்பியைக் கழுவி வைக்கிறேன், கற்பூரம் போட்டு வைக்கலாம்.

சாயங்காலம் மாமி முற்றத்தில் எட்டி நின்று சொன்னாள்: "நாச்சியார், உன்னைப் போகச் சொல்ல நேக்கு மனசில்லை. ஆனா சுவர் விழுந்து உன் ஆம்படையானுக்கு ஏதாவது ஆனா அந்தப் பாவம் எங்களுக்காக்கும். நீயும் சொன்னாக் கேக்காமக் குழாயில விளையாடறே. மிதுன மாசம் முடியறதுக்குள்ள வேற இடம் பாத்துக்கோ."

"மாமி, அது என் குழாயால இல்லை—"

"இவர் பொய் சொல்லுவாரா?"

மிதுனம்னா நம்ம ஆனி, ஒரு மாசம்தான் இருக்கு. எங்கே போக? அவுக தங்கச்சி இசக்கி போனக்காட்டு மலைமேல் தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருக்கா. வா என்பாள், தங்கமானவள். ஆனா அங்கே மத்தியானமும் மஞ்சு இறங்கும். போன தடவை ஒரு ராத்திரி தங்கினதுக்கே அவுக உதடு நீலமாப் போச்சு. அங்கே கூட்டிட்டுப் போறதும் ஒண்ணு, இங்கேயே சுவருக்கு அடியில் படுக்க வைக்கிறதும் ஒண்ணு.

ஜூன் 11, செவ்வாய்

வாடகை வீடு கேட்டுக் கரமனை வரை நடந்தேன். இருமுகிற ஆள் என்றதும் கதவைச் சாத்துதாக.

ஜூன் 13, வியாழன்

ரெண்டு தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்தே இருக்காக. படுக்க முடியலை. "ஏட்டி நாச்சியா, ஏன் பேசமாட்டேங்க? பேசு" என்றாக. நான் எழுந்து அடுப்படிக்குப் போயிட்டேன். பேசினா சிரிப்பாக. பேசலைன்னா இப்படிப் பார்க்காக.

எது நல்லது? யாரைக் கேட்க?

ஜூன் 15, சனி

சுவரில் வழிகிற தண்ணியோடு ஒரு துண்டு வந்து காரை வெடிப்பில் ஒட்டி நின்றது. பழுப்பு நிறம், வழுவழுப்பு, பாதி கூழ். முதலில் அட்டைப்பூச்சி என்று நினைத்துத் துடைப்பத்தால் தட்டினேன். அட்டை இல்லை. எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். வட்டமாக இருந்த ஏதோ ஒன்றில் பாதி. நீளவாக்கில் வரி வரியாக இருக்கு.

இந்த வரியை நான் எங்கேயோ பார்த்திருக்கேன். எங்கே?

ஜூன் 16, ஞாயிறு

விசிறி!

பாத்திரம் எடுக்கப் போனபோது மாமி விசிறியைத் திண்டாடித் திண்டாடி வீசிக்கொண்டிருந்தாள். காற்றே வரலை. ஏன் வரும், இப்போ அதில் வரிசையாக ஓட்டை. "சனியன் பிடிச்ச எலி, வேற எதையும் தொடலை, விசிறிதான் வேணுமாம்" என்று திட்டினாள். குப்பையில் போடச் சொல்லி என் பக்கம் தள்ளினாள்.

சாய்ப்புக்குள் கொண்டுவந்து நேற்றைய துண்டை ஓட்டை மேல் வைத்தேன். பொருந்திப் போச்சு. அந்த வரியும் இந்த வரியும் ஒன்றாக ஓடுது.

எலி இல்லை. மாமா.

உட்கார்ந்து யோசித்தேன். ராஜையன் வைத்தது தோல், மாமியின் மடிக்கு ஆகாது. மாமா தொட்டி கழுவ ஏறுதார். கழுவும்போது தோலைப் பிடுங்கிவிட்டுப் பாளையை வெட்டி வைக்கிறார். முன்னெல்லாம் இந்தத் தெருவில் பாளையை வாளி மாதிரிக் கோட்டிக் கட்டித்தானே கிணற்றில் தண்ணி கோருவார்கள், சுத்தமான சாதனம். நாலு நாளைக்கு அடைக்கும். அப்புறம் ஊறும், கூழாகும், தண்ணி பிய்ச்சுக்கிட்டு வரும். மறுபடி ஒரு ஓட்டை விசிறியில்.

அடப்பாவி ராஜையா, உன்னை நான் என்ன பேச்சுப் பேசிட்டேன்.

இப்போ மாமிகிட்டே போய்ச் சொல்லவா? சொன்னா என்ன ஆகும்? தோல் நனைச்ச தண்ணியில் நைவேத்யம் பண்ணியிருக்கோம் என்று மாமி பட்டினி கிடப்பாள், தலையில் அடித்துக்கொள்வாள். மாமாவைக் காட்டிக் கொடுத்தவளை இங்கே யார் வைத்துக்கொள்வார்கள்? சொல்லலைன்னா மிதுனக் கடைசியில் போனக்காடு. சொன்னாலும் போனக்காடு.

அவுக மூச்சு ரம்பம் அறுக்கிற மாதிரி கேட்குது. எழுதுகிற சத்தத்துக்கு மேலே கேட்குது.

ஜூன் 17, திங்கள்

மாமி கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, மாமா துவைக்கிற கல்லுப் பக்கம் வந்தபோது, விசிறியை எடுத்து அவர் முன்னால் வீசினேன். ஓட்டை வழியாக அவரைப் பார்த்தேன்.

"மாமா, எலி ஓட்டை போட எட்டணாக் காசை வச்சு வரைஞ்சுதோ?"

அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம், "நாலணா" என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"குழாய் வேண்டாம், கிணறே போறும்னா அவ. நான்தான் தோலே படாத தண்ணின்னு சத்தியம் பண்ணிக் குடுத்தேன்டி. இடுப்பு வலியோட அவ கயிறு இழுக்கறதைப் பாக்க முடியலை. ராஜையன் கையில அந்தத் தோலைப் பாத்ததும்... நான் என்ன பண்ணுவேன் சொல்லு. அவகிட்டச் சொல்லிடாதே."

"நான் சொல்லலை மாமா. ஆனா பழியை என் தலையில போட்டீங்களே. அங்கே ஒரு ஆளு மூச்சுக்கு முட்டிக்கிட்டு உக்காந்திருக்காக. சுவரு விழறதுக்கு முன்னால அவுக போயிருவாக போல இருக்கு."

அவர் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்தார். "வாசர்னா தோல்தானே? வேற என்ன இருக்கு?"

வேற என்ன இருக்கு. எனக்கும் தெரியலை. திரும்பி வந்து அவுக முதுகை நீவிக்கொண்டே இருந்தேன். கம்பவுண்டர் வந்து ஊசி மருந்துக் குப்பியைத் திறந்தான். தகரத்தை உரிச்சான், ரப்பர் மூடியைக் குத்தினான், மருந்தை உறிஞ்சினான். குப்பியைத் தலைகீழாகப் பிடிச்சானே, ஒரு சொட்டு சிந்தலை.

ரப்பர்!

நாளைக்குச் சாலைக் கடைத்தெருவுக்குப் போய் ரப்பர் வாசர் இருக்கா என்று கேட்கணும்.

ஜூன் 18, செவ்வாய்

எல்லாத்தையும் எழுதணும், மறந்துபோகும் முன்னால்.

விடியும்போதே கொட்டுமழை. கடைத்தெருவில் கடையடைப்பு, ஒரு பலகை திறக்கலை. எந்த வாசரும் கிடைக்கவில்லை. நனைந்து திரும்பி வந்தால் சுவர் வயிறு தள்ளி நிக்குது. கையை வச்சா அமுங்குது. தொட்டி வெள்ளமாக வழியுது. அவுகளைத் தாங்கிப் பிடிச்சு வாசல் பக்கம் உட்கார வைத்து, மேலே சாக்கைப் போட்டேன். வாயைத் திறந்து திறந்து மூடுதாக. பேச்சில்லை.

மாமாவைப் பின்வாசலில் கூப்பிட்டேன். காலிக் குப்பியைக் காட்டினேன். "மாமா, இதோட மூடி ரப்பர். ரப்பர்னா மரத்துப் பாலு. தோலு இல்லை. நீங்களே பாருங்க."

அவர் வாங்கி முகர்ந்து பார்த்தார். "மரத்துப் பால்" என்றார். இன்னொரு தரம் சொன்னார். முகத்தில் கொஞ்சம் உசிர் வந்தது.

மூடியைப் பிடுங்கிப் பிளேடால் அடிக்கட்டையை அறுத்துத் தட்டையாக்கினேன். அவர் மடியிலிருந்து நாலணாவை எடுத்து நீட்டினார். அதை வைத்து வட்டமாகச் சீவினேன். ஊசி குத்தின இடம் கண்ணுக்கே தெரியலை, தானே மூடிக்கிட்டு இருந்தது.

மாமா ஏணியில் ஏறினார். பாதியில் நின்றார். மழையில் கால் வழுக்குது. மேலேயும் போகலை, கீழேயும் இறங்கலை. "மாமா, அங்கேயே குடித்தனம் பண்ணப் போறீங்களா?" என்றேன். என் குரல் எனக்கே அழுகை மாதிரி கேட்டது. அவர் மெதுவாக இறங்கி வந்து ஏணியை விட்டு ஒதுங்கி நின்றார்.

"நீ ஏறு" என்றார்.

"நானா மாமா? தொட்டியவா?"

"ஏறுடி. சீக்கிரம்."

ஏறினேன். இந்த வீட்டில் குடியிருக்கிற இத்தனை வருசத்தில் முதல் தடவை அந்தத் தொட்டியை உள்ளே பார்த்தேன். சாதாரணத் தண்ணிதான். கையை விட்டேன். சில்லென்று இருந்தது. உருண்டையைத் தூக்கிப் பிடித்தேன், கம்பியைப் பிடித்திருக்கிற குறுக்கு ஆணியைத் தட்டினேன். வரலை. பல்லால் கடித்து இழுத்தேன், வந்தது. உள்ளே பாளை கூழாக வடிந்தது. விரலால் வழிச்சு எறிந்துவிட்டு ரப்பரை வைத்து அழுத்தினேன். ஆணியைச் செருகினேன். குழாய் முகத்தில் பீச்சி அடிச்சுது, கண் தெரியலை. உருண்டையை விட்டேன். அது ஆடி ஆடி மேலே வந்தது.

சத்தம் நின்றுபோச்சு.

மழைச் சத்தம் மட்டும். அத்தனை நாளாகக் காதுக்குள் ஓடின அந்தச் சத்தம் இல்லை. நான் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

இறங்கினால் மாமி. ஜபம் முடிந்து பின்வாசலில் நிக்கா.

"மேல ஏறினது யாரு?"

"நான்தான்" என்றார் மாமா. இறவாரத்துக்கு அடியில் நின்றவர், வேட்டியில் பாதிதான் நனைந்திருக்கு. நான் தலையிலிருந்து சொட்டுதேன். கையில் பாளைக் கூழ்.

மாமி அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சாக்குக்கு அடியில் உட்கார்ந்திருந்த அவுகளைப் பார்த்தாள்.

"முதல்ல அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிண்டு போ. டாக்ஸி பிடிக்கச் சொல்றேன்" என்றாள்.

ஜூன் 20, வியாழன்

ஆஸ்பத்திரி. மூக்கில் குழாய் வச்சிருக்காக. குழாயாகவே வருது எங்களுக்கு.

கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு எழுதுறேன். மாமி தொட்டியைக் கழுவச் சொல்லியிருப்பாளா? கழுவும்போது ரப்பரையும் பிடுங்கிப் போட்டிருப்பாரா மாமா? இங்கிருந்து போனால் எங்கள் சட்டி பானை தெருவில் கிடக்குமா?

அவுக கையைப் பிடித்துப் பார்த்தேன். சூடு இருக்கு.

ஜூன் 22, சனி

சாமியே, பேசாமலே இருக்கேன். ஒரு வார்த்தைகூட வேடிக்கையா பேசமாட்டேன். அவுகளை விட்டுட்டுப் போ.

ஜூன் 25, செவ்வாய்

மூக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள். கஞ்சி குடிச்சாக. ஒரு கரண்டி, அப்புறம் இன்னொரு கரண்டி.

ராஜையன் வந்தான். யார் சொன்னார்களோ. கையில் நேந்திரம்பழம். "வெங்காயத் தோலு நல்லா இருக்கா எக்கா?" என்று கேட்டான். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். விசயத்தைச் சொல்லலை. மாமாவுக்கு வாக்குக் கொடுத்தாச்சு. "உன் வேலையில் குற்றம் இல்லை ராஜையா, எலி கடிச்சுட்டுது" என்று மட்டும் சொன்னேன். "எலியா!" என்று அவன் வாயைப் பிளந்தான்.

ஜூன் 29, சனி

வீட்டுக்கு வந்தோம். சட்டி பானை வைத்த இடத்தில் இருக்கு. சுவருக்கு உள்ளே மூங்கில் முட்டுக் கொடுத்திருக்கு. யார் கொடுத்தது?

தொட்டியைப் பார்த்தேன். விளிம்புவரைக்கும் நிறைந்து அசையாமல் நிக்குது. அடியிலே பாசி இருக்கு, நான் அன்றைக்குப் பார்த்த அதே பாசி, ஏணியில் மேலிருந்து ரெண்டாவது படியில் நின்று எட்டிப் பார்த்தேன், யாருக்கும் தெரியாமல்தான். யாரும் கழுவலை.

ஜூலை 1, திங்கள்

மாமி முற்றத்துக்கு வந்தாள். வழக்கம்போல எட்டி நிற்கலை, துவைக்கிற கல்லுவரை வந்தாள்.

"நாச்சியார், ரப்பர்னா மரத்துப் பால்தானே?"

மாமா சொல்லிவிட்டாரா, இவளே கண்டுபிடிச்சாளா, தெரியலை.

"ஆமா மாமி. மரத்தைக் கீறினா வெள்ளையா வடியும், சிரட்டையில பிடிப்பாக. நெய்யாற்றின்கரைப் பக்கம் காடு காடா நிக்குது."

"பால்னா தோஷமில்லை" என்றாள். அவளுக்கே சொல்லிக்கொண்டது மாதிரி. அப்புறம், "அந்தச் சுவரை இடிச்சுக் கட்டச் சொல்லியிருக்கு. அதுவரைக்கும் நீங்க ரெண்டு பேரும் முன்பக்கத்து அறையில படுத்துக்கோங்கோ. மழையில அவனுக்கு ஆகாது."

மிதுன மாசம் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நாலடி போனவள் திரும்பினாள். இடுப்பில் செருகியிருந்த புதுப் பாளை விசிறியை எடுத்துக் கல்லின் மேல் வைத்தாள்.

"இது வேல்சாமிக்கு. தைரியமா வீசு, எலி இனிமே கடிக்காது."

சிரிக்கலை மாமி. ஆனால் உதட்டைக் கடிச்சுக்கிட்டு வேகமாக உள்ளே போனாள்.

ஜூலை 7, ஞாயிறு

இன்றைக்கு அவுகளே கேட்டாக. "ஏட்டி, அன்னைக்கு மழையில நீ எங்கே ஏறினே? எனக்குக் கனவா நெசமா?"

சொல்லவா வேண்டாமா? டாக்டர் முகம் ஞாபகம் வந்தது. முகத்தைப் பார்த்தேன். உதடு சிவப்பாக இருக்கு.

சொன்னேன். பள்ளிக்கூடம் போன எலியிலிருந்து தொடங்கி, நாலணாக் காசு, வெங்காயத் தோலு, ஏணி நடுவில் குடித்தனம் பண்ணின மாமா, எல்லாம். விசிறியை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சாக. இருமல் வந்தது. நான் எழுந்து நின்றுட்டேன். ரெண்டு இருமல். அவ்வளவுதான். மூச்சு நேராக வந்தது.

"அப்புறம்?" என்றாக.

ஜூலை 8, திங்கள்

தினமும் பால் குடிக்கணும் என்று டாக்டர் சொல்லியிருக்கார். தெருக் கோடியில் மாடு வளர்க்கிற ராஜபாய் வீட்டிலிருந்து ஏற்பாடு.

பால், காலை ஒரு குப்பி.

ஜூலை 9, செவ்வாய்

பால், ஒரு குப்பி.

ஜூலை 10, புதன்

பால், ஒரு குப்பி.